லைட் கணக்கு எங்கே?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதச் சம்பள நாளிலிருந்து சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பேச்சாக இருப்பது பால் விலையுமல்ல, மழைநாள் சம்பளமுமல்ல, லைட் பில். தோட்டத்தின் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. விவகாரம் இன்னும் மேசைமேல் இருக்கிறது. பெயரைக் கெடுப்பது நமது நோக்கமும் அல்ல. ஆனால் நடந்தது இன்னதென்று தோழர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இன்று அந்த லயத்துக்கு வந்தது நாளை அடுத்த தோட்டத்து லயத்துக்கு வராது என்று யார் சொல்ல முடியும்?

பல வருஷங்களாக அந்தத் தோட்டத்தில் மின்சாரம் தோட்டத்தின் பெயரிலேயே இருந்து வந்தது. ஆபீஸ் ஒரே பெரிய இணைப்பை வாங்கி, தன் சொந்தக் கம்பி வழியாக லயங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு ஒரு குட்டி மீட்டர். மாதம் முடிந்தால் செக்ரோலில் லைட் பணம் என்று ஒரு பிடித்தம். இதில் பெரிய தகராறு ஏதும் எழவில்லை. பிறகு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது: இனித் தோட்டம் மின்சாரம் விற்காது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் பெயரிலேயே தெனாகா நேஷனலில் கணக்குத் திறந்துகொள்ளட்டும். நல்ல முடிவுதான். நாமும் வரவேற்றோம். தன் பெயரில் ஒரு பில், தன் கையில் ஒரு ரசீது என்பது தொழிலாளிக்கு மரியாதை.

மே 31ஆம் தேதியோடு தோட்டத்துக் கம்பி வெட்டப்பட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து புதுக் கம்பி. ஒரு வாரம் எல்லாரும் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். சம்பள நாளன்று கவரோடு ஒரு துண்டுச் சீட்டும் வந்தது: 'கடைசி லைட் கணக்கு.' மாதா மாதம் 32 வெள்ளி 70 காசு கட்டிக்கொண்டிருந்த ஒரு பால்வெட்டுக் குடும்பத்துக்கு 652 வெள்ளி 55 காசு என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். கோடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவிக்கு இருநூறு. 'இது என்ன கணக்கு?' என்று கேட்டவர்களுக்கு ஆபீஸ் சொன்ன பதில்: பதினோரு மாதமாக மீட்டர் பார்க்க ஆள் இல்லை, அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி 150 யூனிட் என்று போட்டு வந்தோம், கம்பியை வெட்டும்போது மீட்டரைப் பார்த்தோம், குறைந்தது இவ்வளவு, அதை அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்.

நாம் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எரித்த யூனிட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டோம் என்று நமது தோழர்கள் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நாம் அதற்குத் துணை நிற்கவும் மாட்டோம். பெட்டியில் ஐஸ் வைக்கிறோம், காற்றாடி போடுகிறோம், பிள்ளை இரவில் படிக்கிறது; அதற்கான காசு நம்முடையது. நமது கேள்வி வேறு. அந்த 652 வெள்ளி 55 காசு எரித்ததற்கான பணம்தானா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அல்ல என்பது தெரிந்தது.

தோழர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரியிலிருந்து 2025 ஜூன் 30 வரை வீடுகளுக்கான மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி இருந்தது. மாதத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 21.80 காசு. அதற்கு மேல் 300 வரை 33.40 காசு. 301 முதல் 600 வரை 51.60 காசு. 601 முதல் 900 வரை 54.60 காசு. அதற்கும் மேலே போனால் 57.10 காசு. கொஞ்சமாக எரிப்பவனுக்கு மலிவு, அதிகம் எரிப்பவனுக்கு ஏற்றம். ஏழைக் குடும்பத்தைக் காப்பதற்கென்றே வைத்த முறை அது. அந்தத் தோட்டத்து ஆபீசும் இதே அட்டவணைப்படிதான் வாங்குவதாகச் சொல்கிறது.

நாம் சொன்ன குடும்பம் மாதம் 250 யூனிட் எரித்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு 3,000 யூனிட். பதினோரு மாதம் 150 வீதம் 1,650 யூனிட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பாக்கி 1,350 யூனிட். இதுவரை ஆபீஸ் சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றே. இனிமேல்தான் வழி பிரிகிறது. ஆபீஸ் அந்த 1,350 யூனிட்டையும் மே மாதம் ஒன்றிலேயே எரித்ததாக வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஏற்றிவிட்டது. முதல் 200க்கு 43 வெள்ளி 60 காசு, அடுத்த 100க்கு 33 வெள்ளி 40 காசு, அப்புறம் 300க்கு 154 வெள்ளி 80 காசு, இன்னொரு 300க்கு 163 வெள்ளி 80 காசு, மிச்சமுள்ள 450க்கு 256 வெள்ளி 95 காசு. கூட்டினால் 652 வெள்ளி 55 காசு.

ஒரு பால்வெட்டுக் குடும்பம் ஒரு மாதத்தில் 1,350 யூனிட் எரிக்குமா? எரிக்க அந்த வீட்டில் என்ன இருக்கிறது? அந்த யூனிட்டுகள் பன்னிரண்டு மாதத்தில் எரிந்தவை. ஒவ்வொரு மாதத்துக்கும் அதனதன் மலிவுப் படி உண்டு. மாதம் 250 யூனிட்டுக்கு 60 வெள்ளி 30 காசு. பன்னிரண்டு மாதத்துக்கு 723 வெள்ளி 60 காசு. கட்டியது 359 வெள்ளி 70 காசு. கழித்தால் நியாயமான பாக்கி 363 வெள்ளி 90 காசு. ஆபீஸ் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் 288 வெள்ளி 65 காசு!

இந்த 288 வெள்ளி 65 காசு எதற்கான விலை? ஒரு யூனிட்டும் அதில் எரியவில்லை. மீட்டரைப் பார்க்காத பதினோரு மாதத்துக்கான விலை அது. பார்க்காதது ஆபீஸ்; விலை கொடுப்பது லயம். இதுபோக, யூனிட் 300ஐத் தாண்டிவிட்டால் புதுப்பிக்கும் எரிசக்தி நிதிக்கு 1.6 சதவீதமும், 600ஐத் தாண்டிவிட்டால் சேவை வரியும் சேரும். இவற்றை அந்தச் சீட்டில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த மட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டியதுதான்!

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டண முறை மாறிவிட்டதே, பழைய படிக்கட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மாறியது உண்மை. ஆனால் ஒரே மாதத்தில் குவிக்கும் கணக்கு புதிய முறையிலும் தொழிலாளிக்கு நஷ்டமே. சிக்கனமாக எரிப்பவருக்குக் கொடுக்கும் கழிவு இப்போது மாதம் 1,000 யூனிட் வரைதான். குறைவாக எரிப்பவருக்கே அது அதிகம். மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் 600 யூனிட் வரை எரிப்பவருக்கு விலக்கு. குவித்துப் போட்டால் கழிவும் போச்சு, விலக்கும் போச்சு. ஆகையால் இது பழங்கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

இப்படிப்பட்ட வழக்கு நாட்டுக்குப் புதிதல்ல. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மீட்டர் பார்ப்பவர்கள் வீட்டுக்கு வரவில்லை. மதிப்பீட்டில் பில் போனது. மே மாதம் மீட்டரை நேரில் பார்த்ததும் நாடெங்கும் பெரிய பெரிய பில்கள் வந்து விழுந்தன. கூச்சல் எழுந்தது, பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்றக்காரர்கள் பேசினார்கள். அப்போது தெனாகா நேஷனல் சொன்ன விளக்கத்தை நமது தோட்டத்து நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும். மொத்த யூனிட்டை ஒரே மாதமாக வைக்கவில்லை, எத்தனை நாள் ஆனதோ அத்தனை நாளுக்கும் படிக்கட்டை நீட்டித்தான் கணக்குப் போட்டோம் என்பதே அந்த விளக்கம். அதற்குப் பிறகும் மக்கள் கேட்டார்கள். அரசாங்கம் சலுகை கொடுத்தது. தவணையில் கட்டவும் வழி விட்டார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்கு நாள் கணக்குப் பார்த்துப் பிரிக்க ஒரு பெரிய கம்பெனியால் முடிந்தது. முப்பது நாற்பது வீடுகளுக்குப் பிரிக்க ஒரு தோட்டத்து ஆபீசால் முடியாதா?

அதே வருஷம் தமிழ்நாட்டிலும் இதுவே தகராறு. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்ப்பார்கள். யூனிட் கூடக் கூட அங்கும் விலை ஏறும். ஊரடங்கில் ஒரு முறை பார்க்காமல் விட்டதால் நாலு மாத யூனிட் ஒன்றாகச் சேர்ந்தது. அதை எப்படிப் பிரிப்பது, முன்பு கட்டியதை எப்படிக் கழிப்பது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆகவே 'யூனிட்டைப் பிரிப்பது எப்படி' என்பது ஒரு லயத்துக்காரன் ஆத்திரத்தில் கேட்கும் வீண் கேள்வி என்று எண்ண வேண்டாம்.

கம்பெனி மாறும்போது கடைசிப் பில் வந்து கழுத்தைப் பிடிப்பது இங்கிலாந்துச் சங்கதி என்று நமது கிராணித் தோழர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த நாட்டில் 1990களின் கடைசியில் மின்சார விற்பனையைப் பல கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம். போனதும் பழைய கம்பெனியின் கடைசிப் பில் வரும். மதிப்பீட்டில் தேங்கியதெல்லாம் அதில் வந்து நிற்கும். 2021ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மக்கள் கேட்காமலேயே வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டார்கள். நமது தீபகற்பத்தில் வீடுகளுக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வழி கிடையாது. ஆனால் தோட்டத்துக் கம்பியிலிருந்து தெனாகா கம்பிக்கு மாறுவதும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதானே? அந்த நாட்டில் ஒரு விதி உண்டு. அதை நாம் பொறாமையோடுதான் பார்க்கிறோம். 2018 முதல், கம்பெனி தன் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு முன்பு எரித்ததற்குப் பணம் கேட்கக் கூடாது. இங்கே பொதுக் கடன் விஷயத்தில் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஆறு வருஷம் விடுகிறது. ஆறு வருஷத்துக்கு மீட்டரைப் பார்க்காமல் இருந்துவிட்டுக் கேட்டாலும் கேட்கலாம் என்று ஒரு நிர்வாகம் நினைத்தால் என்ன ஆவது?

மலாயாவில் கம்பெனி மாறுவது புதிய விஷயமும் அல்ல. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது பேராக் நதி நீர்மின் கம்பெனி. 1930இல் செண்டரோ அணை அதற்காகவே எழுந்தது. 1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் வந்தது. 1965இல் அது லெம்பாகா லெத்ரிக் நெகாரா ஆயிற்று. 1982இல் பேராக் கம்பெனியும் அதன் கைக்குப் போயிற்று. 1990 செப்டம்பரில் எல்லாம் தெனாகா நேஷனல் என்ற பெயருக்கு மாறியது. மேலே இத்தனை பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் நமது லயங்களில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அப்புறம் இஞ்சின் லைட். பொழுது சாய்ந்ததும் போட்டுப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள்; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பாதிப் பாடத்தில் புத்தகத்தை மூட வேண்டும். இந்தக் கதையை நமது பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெளிச்சம் கடைசியாக வந்து சேர்ந்த இடம் லயம். பழைய பாக்கி முதலில் வந்து சேரும் இடமும் லயமாக இருக்க வேண்டுமா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் தோழர்கள் காதைக் கொடுக்க வேண்டும்.

சம்பளத்தில் கை வைப்பது முதலாளியின் இஷ்டமல்ல. 1955இல் இயற்றி 1957 ஜூன் முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி கொடுத்த முன்பணம், சேமநிதி, பெர்கேசோ போன்றவற்றைப் பிடிக்கத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் முதலாளி தொழிலாளிக்குச் செய்து கொடுக்கும் வீட்டு வாடகை, சேவை, சாப்பாடு ஆகியவற்றுக்கான பிடித்தம் வேறு வகை. அதற்கு இரண்டு தாள் வேண்டும். ஒன்று, தொழிலாளியே எழுத்தில் கொடுத்த வேண்டுகோள். மற்றொன்று, தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் முன்கூட்டியே கொடுத்த அனுமதி. தோட்டம் லயத்துக்குக் கொடுத்த மின்சாரம் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே நமது முதல் கேள்வி யூனிட்டைப் பற்றியதே அல்ல. அந்த இரண்டு தாளும் எங்கே? முப்பது வருஷத்துக்கு முன் யாரோ வாங்கிய அனுமதி என்றால் அதையே காட்டட்டும். மாதா மாதம் எரிக்கும் லைட்டுக்காக வாங்கிய அனுமதி, மொத்தமாகக் குவித்த பாக்கிக்கும் செல்லுமா என்று இலாகா சொல்லட்டும்.

இரண்டாவது, பாதிக் கணக்கு. அந்தப் பிரிவின்படி ஒரு மாதத்தில் பிடிக்கும் தொகை எல்லாம் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பாதி 850. 'நாங்கள் கேட்பது 652தானே, பாதிக்குள் அடங்குகிறதே' என்று ஆபீசில் சொன்னார்களாம். சேமநிதி 11 சதவீதம், 187 வெள்ளி, எங்கே போயிற்று? இரண்டும் சேர்ந்தாலே 839 வெள்ளி 55 காசு. பெர்கேசோ, முன்பணம் என்று வரிசையாக நிற்பவை இன்னும் இருக்கின்றன. பாதி என்பது லைட்டுக்கு மட்டும் ஒதுக்கிய பாதியல்ல. எல்லாப் பிடித்தமும் சேர்ந்த பாதி.

இன்னொரு விதியையும் நிர்வாகம் படித்துப் பார்ப்பது நல்லது. முதலாளி தவறுதலாகச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பிப் பிடிக்கலாம். ஆனால் முந்திய மூன்று மாதத்துக்குள் கொடுத்ததை மட்டுமே. அதற்கு முந்தியது போனது போனதுதான். லைட் கணக்கு வேறு, சம்பளக் கணக்கு வேறு என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் சட்டத்தின் போக்கு என்ன? முதலாளியின் கைத்தவறுக்குத் தொழிலாளி வருஷக் கணக்கில் பயந்துகொண்டிருக்கக் கூடாது என்பதே.

இதில் நம்மை மிகவும் கவலைப்பட வைப்பது ஓய்வு பெறும் தோழர்களின் நிலை. மேலே சொன்ன பாதி வரம்புக்கு ஒரு விலக்கு இருக்கிறது. வேலை முடிந்து போகும்போது கொடுக்கும் கடைசிச் சம்பளத்தில், முதலாளிக்கு உள்ள பாக்கியைப் பாதிக்கு மேலும் கழிக்கலாம். அறுபது வயதில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்யும் மனிதருக்கு, கடைசி மாதத்தில் கையில் எதுவும் மிஞ்சாமல் போக இந்த ஒரு வரி போதும். அந்தத் தோட்டத்தில் இந்த ஆண்டுக் கணக்கில் மூன்று பேர் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுடைய லைட் பாக்கியை இன்று சரி பார்க்காமல் விட்டால், சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருக்கும் நாளில்தான் அது வெளியே வரும். அப்போது வாதாட யாருக்கு நேரம்? ஆகவே ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போதே 'என் பெயரில் தோட்டத்துக்கு எவ்வளவு பாக்கி' என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்: சேமநிதிப் பணத்தை இந்தக் கடனுக்காக எந்த முதலாளியும் தொட முடியாது. 'கே.டபிள்யூ.எஸ்.பி.யில் பிடித்துவிடுவோம்' என்று யாராவது மிரட்டினால் அது வெறும் மிரட்டல்.

பங்களாதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களையும் இதில் மறக்கக் கூடாது. அவர்களுக்கும் அதே சீட்டு வந்திருக்கிறது. சிலருக்கு ஒரு வீட்டில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் தனித்தனிப் பிடித்தம். ஒரே மீட்டருக்கு எட்டு முறை பணம் போகிறதா, எட்டாகப் பிரிந்து போகிறதா என்று கேட்க அவர்களுக்கு மொழியில்லை. இந்தச் சட்டம் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அவர்களுடைய சீட்டுகளையும் வாங்கிப் பாருங்கள்.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்தில் இன்று உங்களைத்தான் திட்டுகிறார்கள். அது நியாயமல்ல என்பது நமக்குத் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறவர்கள்தானே நாமும். நாலு கிராணிகள் இருந்த ஆபீசில் இன்று ஒருவர். செக்ரோல், இஸ்டோர், பெர்மிட், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த ஒருவர் தலையில். மீட்டர் பார்க்க ஆள் கொடுங்கள் என்று மேலே எழுதினால் பதில் வராது. இதெல்லாம் உண்மை. ஆனால் பார்க்காத மீட்டருக்குப் பார்த்ததாக எண்ணை எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். 'மதிப்பீடு' என்ற சொல்லை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு சொல் மாதா மாதம் சீட்டில் இருந்திருந்தால், லயத்திலிருந்து யாராவது இரண்டாம் மாதமே வந்து கேட்டிருப்பார்கள். பாக்கி 650க்கு ஏறியிருக்காது. நாளை தொழிலாளர் இலாகாவில் விசாரணை வந்தால் பேரேட்டைக் கொண்டுவா என்று கூப்பிடப்படுவது துரையல்ல, நீங்கள்தான்.

நமது சங்கக் கிளை நிர்வாகத்திடம் வைத்திருக்கும் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் பார்த்த மீட்டர் எண், கடைசியில் பார்த்த எண், பார்த்த தேதி, கட்டிய தொகை ஆகியவற்றை ஒரு தாளில் கொடுக்க வேண்டும். பாக்கி யூனிட்டை எரித்த மாதங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். அப்படி வரும் பாக்கியை, எத்தனை மாதம் தேங்கியதோ அத்தனை மாதத் தவணையில், வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் சொன்ன குடும்பத்துக்கு அது மாதம் 30 வெள்ளி 33 காசு. அவர்களால் கட்ட முடியும். கட்டவும் தயாராக இருக்கிறார்கள். மீட்டரே இல்லாத இரண்டு வீடுகளுக்குப் பக்கத்து வீட்டைப் பார்த்துப் போட்ட தொகையை அடியோடு தள்ளிவிட வேண்டும். எரித்ததைக் காட்ட முடியாதவர்கள் எதை வைத்துப் பணம் கேட்கிறார்கள்?

இதற்கு நிர்வாகம் ஒத்து வராவிட்டால், வேலைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அங்கே வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. சம்பளச் சீட்டும் லைட் சீட்டும் இருந்தால் போதும். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போவதைவிட எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோவதே மேல். யாரும் ஆத்திரத்தில் 'ஒத்துக்கொள்கிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். அப்படி ஒரு தாள் சுற்றுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறோம். மேலே சொன்ன 'தொழிலாளியே எழுத்தில் கொடுத்த வேண்டுகோள்' அதுவாகவே ஆகிவிடக்கூடும்.

புதுக் கணக்கைப் பற்றியும் இரண்டொரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துப் பாக்கி தோட்டத்துக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம். தெனாகா நேஷனலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'பாக்கி கட்டாவிட்டால் புது லைட்டையும் வெட்டிவிடுவார்கள்' என்று லயத்தில் ஒரு பேச்சு நடமாடுகிறது, நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் பெயரிலுள்ள தெனாகா கணக்கில் பாக்கி வைத்தால் அது உங்களோடு வரும். வேறு ஊரில் கணக்குத் திறக்கப் போனால் அங்கே கேட்பார்கள். வைப்புத் தொகையாக வாங்குவது ஏறக்குறைய இரண்டு மாதப் பில் பணம்; வீட்டை விட்டுப் போகும்போது கணக்கை முறைப்படி மூடினால் கடைசிப் பில்லைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். மூடாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவர் எரிப்பதும் உங்கள் பெயரிலேயே ஓடும். எத்தனையோ குடும்பங்கள் மலிவு வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகின்றன. பில்லில் சந்தேகம் வந்து தெனாகா கடையில் சரியான பதில் கிடைக்காவிட்டால், 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த எரிசக்தி ஆணையத்துக்கு எழுதலாம். தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் கிளையில் மலாயில் எழுதித் தருவோம்.

இதை அச்சுக்குக் கொடுக்கும்வரை அந்தத் தோட்டத்தில் பிடித்தம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வீடு வாரியான மீட்டர் கணக்கு இன்னும் ஆபீசிலிருந்து வந்து சேரவில்லை. தங்கள் வீட்டு மீட்டர் எண்ணைக் காலண்டரிலோ பிள்ளைகளின் நோட்டிலோ கைப்பேசிப் படத்திலோ குறித்து வைத்திருக்கும் தோழர்கள், அதன் நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் சேர்ப்பிக்கவும். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.